இரண்டு வீடியோ, ஒரு கயாக்

நான் வியட்நாமிலிருந்து ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே என் மானம் கப்பலேறி ஒரகடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாற்பத்தெட்டு நொடி வீடியோ. அதில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு அம்மாள், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, உற்சவர் மாதிரி அசையாமல் வருகிறாள். அவள் உட்கார்ந்திருக்கும் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவருகிறது. இழுக்கிறவளுக்கு அறுபது வயதாவது இருக்கும். அவள் கையால்கூடத் துடுப்புப் போடவில்லை. சாய்ந்து உட்கார்ந்து காலால் போடுகிறாள், கையில் வெற்றிலை மடித்துக்கொண்டு. இழுபட்டு வந்த அம்மாள் நான்தான்.

அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடும். அங்கே பதினொன்றரைக்கு எடுத்த வீடியோ, இங்கே ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வந்தவர்களின் பத்து மணி டீ பிரேக்குக்குச் சரியாக வந்து இறங்கியது. எங்கள் லைன் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, “தேரு எப்பக்கா நிலைக்கு வரும்?” என்று கேட்டிருந்தாள். என்கீழ் வேலை செய்யும் கஸ்தூரி, வாய்பொத்திச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு, ஒரே நிமிடத்தில் அழித்துவிட்டாள். கேட்டவள்மேல் எனக்குக் கோபமில்லை. அழித்தவள்மேல்தான் கோபம். ஏன் என்று அப்போது எனக்கே புரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டும் பிள்ளைப்பாக்கம். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டித் தரும் ஒரகடம் கம்பெனியில் பதினெட்டு வருடம். கடைசி ஏழு வருடமாக லைன் லீடர். என் லைனில் இருபத்தாறு பெண்கள். நான் நடந்துவரும் செருப்புச் சத்தம் கேட்டாலே பேச்சு நின்றுவிடும், கை வேகம் கூடும். எனக்கு அது பெருமை. என் லைன் நின்றதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சலித்துக்கொண்டே சொல்லுவார்.

எங்கள் லைனில் ஓடும் ஒரு மாடலை வியட்நாமில் ஹாய்போங் நகரத்துத் தொழிற்சாலையிலும் ஓட்டப்போகிறார்கள். அங்கே இருக்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மூன்று வாரம் என்னை அனுப்பினார்கள். கற்றுக்கொள்ள இல்லை, கற்றுக்கொடுக்க. இதை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய அதிகாரியிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

கூட வந்தவள் பிரிஸில்லா. மண்ணூர்ப் பெண், குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள், இருபத்து நாலு வயது. இரண்டு பேரும் வெளிநாட்டு மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் இறங்கியதும் கண்ணில் பட்டதையெல்லாம் தின்ன ஆரம்பித்தாள். எனக்கு அது புரட்டாசி மாசம். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் பெருமாளை நினைத்து அந்த மாசம் முழுவதும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. வியட்நாம்காரர்கள் இலைக் குழம்பிலும் எலும்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். மொழிபெயர்ப்பாளர் ஹுவாங் நல்ல பெண். “இவர் புத்த பிக்குணி மாதிரி சாப்பிடுவார்” என்று ஓர் அட்டையில் அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தாள். அதைக் காட்டினால் கடைக்காரம்மாக்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மரியாதை கிடைத்தது, சாப்பாடு எண்ணெயில் வதக்கிய வள்ளைக்கீரைதான். நம் ஏரியில் மாடு மேயும் அதே கீரை. அங்கே அதைப் பூப்போட்ட தட்டில் வைத்துத் தருகிறார்கள், ருசியாகவும் இருந்து தொலைக்கிறது.

ஹாய்போங்கில் ரோடு தாண்டுவது தனி வித்தை. ஷிப்ட் விடும் நேரத்து ஒரகடம் சந்திப்பே எனக்குப் பழக்கம்தான். ஆனால் இங்கே ஸ்கூட்டர்கள் நிற்கவே நிற்காது. ஹுவாங் சொன்னாள்: “ஓடாதீர்கள், நிற்காதீர்கள், ஒரே வேகத்தில் நடங்கள். அவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.” நிற்காமல் போவது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. முதல் நாளே தாண்டிக் காட்டினேன். பிரிஸில்லா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தொழிற்சாலைக்குள் மொழியே தேவைப்படவில்லை. நல்லதென்றால் ஓகே, கெட்டதென்றால் என்.ஜி. எங்கள் ஊரிலும் இதே இரண்டு சொல்தான். ஆனால் ஒரு விஷயம் என் காதைக் குடைந்தது. இந்த மாதிரி லைன்களில் எல்லாம் தலைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு ஓடும். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், ஒரு பாட்டு ஓடும், லைன் நிற்கும். எங்களிடமும் உண்டு. அந்த ஊர்ப் பெண்கள் அதைப் பேருந்தில் கண்டக்டர் விசில் அடிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தார்கள். டிங்கிடி டிங்கிடி என்று அரைமணிக்கொரு தரம் பாட்டு. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஷிப்டில் இத்தனை தடவை நின்றால் உருப்படுமா என்று அவர்களுடைய லீடரம்மாளிடம் கேட்டேன். உங்கள் லைனில் எத்தனை தடவை என்று அவர் திருப்பிக் கேட்டார். பூஜ்யம் என்றேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. வருடம் முழுக்கப் பூஜ்யம்.

அந்த அம்மாள் ஏதோ சொன்னார். ஹுவாங் மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் விடவில்லை.

“ஒன்று, உங்கள் பெண்கள் எல்லாரும் தெய்வங்கள். இல்லையென்றால் உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள், என்கிறார்.”

எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கு முழுவதும் அந்த லீடரம்மாளிடம் ஓகே, என்.ஜி. தவிர வேறெதுவும் பேசவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைக்காரர்கள் எல்லாருமாக பஸ் வைத்து நிஞ் பின் பக்கம் ஓர் ஆற்றுக்குப் போனோம். வழியில் பஸ் பஞ்சர். அரைமணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்து பம்ப்ளிமாஸ் பழம் உரித்துத் தின்றோம். இறங்கியதும் கயாக் என்றார்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் கால் நீட்டி உட்காரும் ஒல்லியான படகு, ஆளுக்கொரு துடுப்பு, துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை மாதிரித் தட்டை. எனக்கு நீச்சல் தெரியாது. பிரிஸில்லாவுக்கும் தெரியாது. ஆனால் ஹுவாங், லீடரம்மாள் எல்லாரும் ஜோடி ஜோடியாக ஏறிவிட்டபோது கற்றுக்கொடுக்க வந்த நான் கரையில் நிற்க முடியுமா?

படகுத்துறை ஆள், “கனமாக இருப்பவர் பின்னால். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்ப வேண்டும்” என்று சொன்னார். கனம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பின்னால் என்றதும் அதைவிட. எங்கள் கம்பெனி பஸ்ஸில் முதல் சீட் சூப்பர்வைசருக்கும் லைன் லீடருக்கும். பஸ்ஸில் வேறு இடமே இல்லாவிட்டாலும் ஆப்பரேட்டர் ஒருத்தி அதில் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே வருவாள். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவரே எங்கள் வீட்டுக்காரர்தான். ஏழு வருடமாக நான் முதல் சீட். ஆகவே முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பிரிஸில்லா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், பின்னால் ஏறினாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நான் முன்னாலிருந்து லெஃப்ட் என்று கத்துவேன், லெஃப்ட் பக்கமே துடுப்பும் போடுவேன். அவளும் லெஃப்ட் பக்கமே போடுவாள். இடப்பக்கம் துடுப்புப் போட்டால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பது எனக்குத் தெரியாது. இன்னும் வேகமா போடுடி என்பேன். போடுவாள். சுற்றினோம். செக்கு மாடு தோற்றது. கடைசியில் நாணல் புதருக்குள் மூக்கைக் குத்தி நின்றோம். படகு ஒரு பக்கம் சாய்ந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பெருமாளே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கால்துடுப்பு அம்மாள் வந்து, பேசாமல் கயிறு கட்டி, இழுத்துக்கொண்டு போனார். ஹுவாங் அன்பாக வீடியோ எடுத்து, இரண்டு ஊர்க்காரர்களும் இருக்கும் பயிற்சிக் குழுவில் போட்டாள். அங்கிருந்து யார் எங்கள் லைன் குழுவுக்குத் தள்ளினார்களோ, கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஹாஸ்டல் அறையில் பிரிஸில்லாவைப் பிடித்தேன். பக்கத்தில் போன படகுகளைப் பார்த்து அஞ்சே நிமிடத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டதாம்.

“தெரிஞ்சுகினே ஏன்டி சுத்தின? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலைப் பார்த்தாள். “நீங்க சொல்லிக்கினு இருக்கும்போது நான் எப்டிக்கா குறுக்கப் பேசறது? நம்ம லைன்ல யாராச்சும் பேசி நீங்க பாத்துகிறீங்களா?”

அந்த லீடரம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை யோசித்தேன். ஊர் திரும்பி இருபத்தாறு பேர் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் கடைசியாகப் பார்த்தது நான் இழுபட்டு வருவதாக இருக்கக் கூடாது. இந்த நாட்டை விட்டுப் போவதற்குள், இன்னொரு தண்ணீரில், யாரும் கயிறு கட்டாமல், என் கையால் துடுப்புப் போட்டுப் போய், என் கையால் போட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் ஒரு வேலையையும் பாதியில் விட்டவள் இல்லை நான்.

ஹுவாங்கிடம் கேட்டேன். லான் ஹா என்று ஒரு வளைகுடா இருக்கிறது, கடலுக்குள் நூற்றுக்கணக்கில் பாறைத் தீவுகள், அதில் ஒன்றுக்கு அடியில் குகை, குகை வழியாகக் கயாக்கில் போனால் உள்ளே நாலு பக்கமும் மலை சூழ்ந்த குளம் என்றாள். கடலா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். சரி, கடலே ஆகட்டும் என்றேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. இரண்டாவது ஞாயிறு மழை ஊற்றப்போவதாகச் சொன்னார்கள், ஊற்றியது.

நடுவில் இருந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் பயிற்சி. தண்ணீர் ஏது? ஹாஸ்டல் அறையில் இரண்டு தலையணையைத் தரையில் முன்னும் பின்னும் போட்டு, ஆளுக்கொரு மாப் குச்சி. இந்தத் தடவை பிரிஸில்லா முன்னால், நான் பின்னால். முன்னால் இருப்பவள்தான் வழியைப் பார்க்க முடியும், பின்னால் இருப்பவள்தான் திருப்ப முடியும். ஆகவே அவள் சொல்ல வேண்டும், நான் செய்ய வேண்டும். சொல்வதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அவள் சொல்லுவாள்: “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, முடிஞ்சா கொஞ்சம் ரைட்டு சைடு…” அதற்குள் எங்கள் படகு கட்டில் காலில் மோதி இரண்டு துண்டாகியிருக்கும்.

“சத்தமா, சுருக்கா சொல்லுடி.”

“சத்தமா சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்கா.”

“வரும். வரட்டும். நீ சொல்லு.”

உண்மையிலேயே வந்தது. நாலாவது நாள் அவள் “ஸ்டாப்” என்று அதட்டியபோது, யாரைப் பார்த்து என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பை நிறுத்தினேன். கதவோரம் நின்று வேடிக்கை பார்த்த வியட்நாம் பெண்கள் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி உள்ளே வந்து என் தோளைப் பிடித்து, துடுப்பைக் கையால் இழுக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பிப் போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். ஓகே என்றேன். என் இடுப்பைப் பார்த்து அவள் என்.ஜி. என்றாள்.

அந்த ஞாயிறு வந்தது. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்திருந்தது. காலையிலேயே கோளாறு. லான் ஹா பக்கத்தில் இருக்கும் காட் பா தீவுக்குப் போகும் படகுத்துறையில் லாரி ஒன்று சரிவில் குறுக்காக மாட்டிக்கொண்டு, வண்டி ஏற்றும் படகு ஒன்றரை மணி நேரம் கிளம்பவில்லை. ஹுவாங்கின் முகம் வாடியது. குகைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் போய்வர வேண்டும். ஓதம் ஏறிக் கடல் மட்டம் உயர்ந்தால் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடம் குறைந்துகொண்டே வரும். அதோடு தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே பாயும். திரும்பி வருகிறவர்கள் அதை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும்.

அங்கிருந்து ஒரு பெரிய படகில் போய்ப் பாறைத் தீவுகளைப் பார்த்ததும் எனக்கு இதெல்லாம் மறந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் கறுப்புப் பாறைகள், அடுப்பில் வைத்த இட்லிப் பானைகள் மாதிரி வரிசையாக, மேலே ஆவியாக மூடுபனி. மிதக்கும் வீடுகளில் நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், கீழே நாற்பதடி ஆழக் கடல். வழிகாட்டியின் பெயர் மின், முப்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். தண்ணீரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “இருபது நிமிடம் உள்ளே. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. வேண்டாமென்றால் வேறு இடம் காட்டுகிறேன்.” வேண்டும் என்றேன். அவரும் ஹுவாங்கும் ஒரு கயாக். நானும் பிரிஸில்லாவும் ஒன்று. அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால்.

படகு நேராகப் போனது! சத்தியமாகச் சொல்கிறேன், கோடு போட்ட மாதிரி போனது. அவள் கணக்குச் சொன்னாள், நான் அவள் தோளைப் பார்த்துப் போட்டேன். ரைட்டு என்றால் ரைட்டு, லெஃப்ட் என்றால் லெஃப்ட். குகை இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. கூரை தலைக்கு மேலே மூன்று முழம். அந்தப் பக்கம் வெளிச்சத்தில் புகுந்ததும் நான் துடுப்பை நிறுத்திவிட்டேன். நாலு பக்கமும் மலை, நடுவில் அசையாத தண்ணீர், ஒரு சத்தம் கிடையாது. எங்கள் துடுப்பிலிருந்து சொட்டும் சொட்டு கேட்டது.

பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் என் அண்ணன் தம்பிகள் குதிப்பார்கள். நான் கரையில் அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்று சட்டை, ஒரு வாட்ச். யாரும் என்னை இறங்காதே என்று சொன்னதில்லை, இறங்கு என்றும் சொன்னதில்லை. நாற்பத்து மூன்று வயதில் நடுக்கடல் மலைக்குளத்தில், நடுத்தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். மலை திருப்பிச் சிரித்தது. பிரிஸில்லா திரும்பிப் பார்த்து, அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்தாள்.

மின் விசில் அடித்தார். திரும்பினோம். அவரும் ஹுவாங்கும் முதலில் போய்க் குகையைக் கடந்து வெளியே நின்றார்கள். ஹுவாங் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் வருவதைப் படம் பிடிக்கத் தயாரானாள். இது நானே கேட்டது. அழகாக வெளியே வருவதை எடுத்து ஊருக்கு அனுப்பு என்று சொல்லியிருந்தேன்.

குகைக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர் எதிரே தள்ளியது. பத்துத் துடுப்புப் போட்டால் நாலு துடுப்பு தூரம்தான் நகர்ந்தோம். கூரை இப்போது மூன்று முழம்கூட இல்லை. தோள் எரிந்தது. முன்னால் வெளிச்சம் தெரிந்தது, பிரிஸில்லாவின் தலை அதில் பாதியை மறைத்திருந்தது. நிற்காமல் போட்டால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையே இந்த ஒரு கணக்குதான்: நிற்காமல் போட்டால் போய்விடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகம் கூட்டினேன்.

“அக்கா, ஸ்டாப்பு.”

நான் நிறுத்தவில்லை. கேட்டது. நிறுத்தவில்லை.

“ஸ்டாப்புன்னு சொல்றேன்ல! எதுத்தாப்ல ரெண்டு படகு வருது. பின்னால போடு, லெஃப்ட்ல செவுத்தப் புடி. நான் சொல்றதக் கேளுக்கா!”

குகை முழுவதும் அந்தக் குரல்தான். மண்ணூர்ப் பெண் குரல், குவாலிட்டியில் வாய் திறக்காத பெண் குரல். என் கை தானாகப் பின்னோக்கிப் போட்டது. படகு பின்வாங்கியது, சுவரில் உரசியது. நான் இடது கையால் பாறையைப் பிடித்தேன். சிப்பி ஒட்டிய பாறை, உள்ளங்கை கிழிந்தது, விடவில்லை. அடுத்த நொடி இரண்டு கயாக்குகள் வெளிச்சப் பக்கமிருந்து பாய்ந்து வந்தன. தாமதமாக வந்த வேறு யாரோ பயணிகள், நாலு பேர். தண்ணீர் அவர்களை அடித்துக்கொண்டு வந்தது, குறுக்காக, கட்டுப்பாடே இல்லாமல், அலறிக்கொண்டு. எங்கள் படகு மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் போனார்கள். நான் என் கணக்குப்படி போயிருந்தால் நடுக்குகையில் மூன்று படகும் கவிழ்ந்திருக்கும். ஆறு பேர், தலைக்கு மேலே பாறை, இருட்டு.

பிரிஸில்லா ஐந்து வரை எண்ணினாள். “இப்ப போடு.”

போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம், இடுப்பைத் திருப்பி, அந்த ஹாஸ்டல் பெண் காட்டிக்கொடுத்த மாதிரி. ரைட்டு, லெஃப்ட், ரைட்டு, லெஃப்ட். வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. குகை வாயைத் தாண்டி வெயில் முகத்தில் அடித்தபோது நான் போட்ட சத்தத்தில் மிதக்கும் வீட்டு நாய்கள் எல்லாம் மறுபடி குரைக்க ஆரம்பித்தன. துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன். யாரும் கயிறு கட்டவில்லை. யாரும் இழுக்கவில்லை. வந்துட்டோம்டி என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். அதிகம் பேசாத மின்னும் வாய் திறந்தார். “முன்னால் இருக்கும் பெண் நல்ல மாலுமி. பின்னால் இருப்பவர் நல்ல இயந்திரம்.” இயந்திரம் என்று ஒருவர் என்னைப் பாராட்டியதில் எனக்குப் பரம திருப்தி.

பெரிய படகில் ஏறியதும் நண்டு வேகவைத்துத் தந்தார்கள், உப்பும் மிளகும் எலுமிச்சையும் தொட்டுக்கொள்ள. ஒரு மாசத்துக்குப் பிறகு கவிச்சி. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து நண்டு தின்றேன்.

அப்புறம் ஹுவாங் வீடியோவைக் காட்டினாள். கடைசிப் பகுதி பிரமாதம். வெயிலில் நான் துடுப்பைத் தூக்கிப் பிடித்தது சாமியாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து, ஒலிபெருக்கி வைத்த மாதிரி, பிரிஸில்லா என்னை அதட்டுவது ஒரு சொல் விடாமல் கேட்டது. ஸ்டாப்புன்னு சொல்றேன்ல. நான் சொல்றதக் கேளுக்கா.

பிரிஸில்லா வெளிறிப்போனாள். “அக்கா, சவுண்ட எடுத்துட்டு அனுப்பலாம். இல்லாங்காட்டி கடைசி மட்டும் வெட்டிப் போடலாம். லைன்ல எல்லாரும் கேப்பாங்க.”

நானும் அதைத்தான் நினைத்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசிப் பதினைந்து நொடி போதும், அதற்காகத்தானே இவ்வளவு பாடு. கட்டைவிரலை வைத்து வெட்டவும் ஆரம்பித்தேன். அப்போது கஸ்தூரி போட்டு அழித்த அந்தச் சிரிப்புப் பொம்மை ஞாபகம் வந்தது. என் லைனில் ஆறாவது ஸ்டேஷனில் ஒன்பது வருடமாக நிற்கிறவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். நான் பார்த்துவிடுவேன் என்று ஒரு சிரிப்பை ஒரு நிமிடத்தில் விழுங்கினவள். இதே குகையில் என் பின்னால் கஸ்தூரி இருந்தாலும், முன்னால் இருந்தாலும், பாறை வரும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டாள். அதற்குக் காரணம் அவள் இல்லை.

முழு வீடியோவையும் அனுப்பினேன். சத்தத்தோடு.

குழுவை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்த்தேன். அப்புறம் தேர் எப்போது நிலைக்கு வரும் என்று கேட்டவளே எழுதினாள்: “தேரு நிலைக்கு வந்துடுச்சு.” அதன் பிறகு கைதட்டல், பட்டாசு, மாலை என்று வரிசையாக வந்தது. கஸ்தூரி ஒன்றும் போடவில்லை.

புதன்கிழமை ஊர் வந்தேன். வியாழன் காலை ஷிப்ட். பஸ்ஸில் முதல் சீட்டில் பிரிஸில்லாவைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் முள்மேல் உட்கார்ந்த மாதிரி வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னா, வண்டிய நீதான் ஓட்டப் போறியா?” என்றார். பின்னால் உட்கார்ந்துதான் ஓட்டுவேன் என்றேன்.

லைன் ஓட ஆரம்பித்தது. கையில் கட்டோடு நான் நடந்தேன். செருப்புச் சத்தத்துக்குப் பேச்சு வழக்கம்போல நின்றது. நாலாவது ஸ்டேஷனில் ஒயர்களைப் பரப்பிக் கட்டும் போர்டில், நான் இல்லாதபோது மாற்றியிருந்த ஒரு கிளிப்பின் இடத்தைப் பழையபடி மாற்றச் சொன்னேன். ஹாய்போங்கில் நான் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான் என்று வேறு சொன்னேன். மாற்றினார்கள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும், நான் ஆறாவது ஸ்டேஷன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கஸ்தூரியின் கை ஒயரை விட்டது. மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். எம்பி, கயிற்றை இழுத்தாள்.

விளக்கு எரிந்தது. பாட்டு ஓடியது. லைன் நின்றது. இருபத்தைந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“க்ளிப்பு பழைய எடத்துல போட்டா எனக்கு ஒயரு எட்டலக்கா,” என்றாள் கஸ்தூரி. கயிற்றை இன்னும் விடவில்லை. “நீங்க சொன்னது என்.ஜி.”

போய்ப் பார்த்தேன். ஒயர் இரண்டு விரற்கடை குறைவாகத்தான் இருந்தது. மாற்றியவர்கள் காரணத்தோடுதான் மாற்றியிருக்கிறார்கள். ஓகே, மாத்திப் போடுங்க என்றேன். யாரும் நகரவில்லை. நான் சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, டிங்கிடி டிங்கிடி என்று. மெயின்டனன்ஸ்காரர்கள் மாட்டிச் சோதித்துப் பார்த்த நாளுக்குப் பிறகு, என் லைனில் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல பாட்டுதான்.